உழைப்பும் சோம்பலும்



உழைக்காதவனுக்கு உணவில்லை என்று வேதமே சொல்லியிருக்கிறது என்பார்கள் சிலர். வேலை இழந்து வீட்டிலிருக்கும் மகன்மீதும், ஓய்வுபெற்ற பெரியவர்மீதும் இச்சொல் சாட்டையைப் போல் விழுகிறது. வேதம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா?

இக்கருத்து, பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. இதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. அவர் கூடாரத் தொழிலாளி. கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியருடன் தங்கி, கைத்தொழில் செய்துகொண்டே போதித்தார். உடலுழைப்பை இழிவாக எண்ணிய உயர்குடியினர் பலர் வாழ்ந்த காலம் அது. தெசலோனிக்கேயாவிலோ சிலர் வேலையை விட்டுவிட்டு, பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தனர். அவர்களைத்தான் பவுல் கண்டித்தார். வேலை செய்ய மனமில்லாதவர்களைப் பற்றியதே அவர் பேச்சு. வேலை கிடைக்காதவர்களையும், செய்ய இயலாதவர்களையும் அவர் அங்கே குறிப்பிடவில்லை.

இந்த வேறுபாட்டை இயேசுபிரானின் உவமை ஒன்று தெளிவாக்குகிறது. மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கூலியாட்களைத் தேடிச் சந்தைவெளிக்குப் போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் அங்கே சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை; வேலைக்கு அனுப்பினார். முழுநாள் உழைத்தவருக்குக் கொடுத்த கூலியையே அவர்களுக்கும் கொடுத்தார். கடைசி மணியில் வந்தவனுக்கும் வீட்டில் பசித்த பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா?

6ஆம் நூற்றாண்டில், இத்தாலி நாட்டு மொந்தே கசீனோ மடத்தை நிறுவிய புனித பெனடிக்ட், துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். சோம்பலை ஆன்மாவுக்குப் பகையாகக் கருதியவர் அவர். ஆகவே ஜெபத்திற்கும் கைவேலைக்கும் வாசிப்பிற்கும் தனித்தனி வேளைகளை வகுத்தார். ஆனால், நோயாளிகளும் வலுவற்றவர்களும் சும்மா இராதபடியும், சுமையால் நொந்து போகாதபடியும், அவர்களுக்கு ஏற்ற வேலையே தரப்பட வேண்டும் என்றும் விதித்தார். கண்டிப்பும் கருணையும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

ஓய்வும் சோம்பலும் ஒன்றல்ல. ஆறு நாள் வேலையைக் கட்டளையிட்ட வேதமே ஏழாம் நாள் ஓய்வையும் கட்டளையிட்டது. வேலைக்காரருக்கும் மாட்டுக்கும்கூட அந்த ஓய்வு உரியது. சம்பளமில்லாமல் பேரனைக் கவனிக்கும் பாட்டியும், நோயாளிக்காக ஜெபிக்கும் முதியவரும் சோம்பேறிகள் அல்லர்.

ஆகவே நேயர்களே, சோம்பலைக் கண்டிக்கும் வசனத்தை முதலில் நம் உள்ளத்துக்குச் சொல்லிக்கொள்வோம். வேலையற்று நிற்பவரைக் கண்டால், அந்தத் தோட்டக்காரரைப் போல் முதலில் காரணத்தைக் கேட்போம். பிறகு நம்மால் இயன்ற வழியைக் காட்டுவோம்.