எட்டும் உயரத்தில் ஒரு அலமாரி
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது, "பாலம் கட்டுறதைப் பத்திப் பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றுதான் சொன்னார். பாலத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேசப் போவது ஆண்கள் விடுதியின் பின்சுவரை ஒட்டி இருக்கிறதே, அந்த அங்கன்வாடியைப் பற்றி. நாலு வருஷம் அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போனோம். யாராவது உள்ளே எட்டிப் பார்த்ததுண்டா?

போன மாதம் நான் போய்ப் பார்த்தேன். பதினெட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்கும் இன்னும் ஆறு வயதாகவில்லை. இடம் சுத்தமாக இருக்கிறது, சாப்பாடும் நன்றாக இருக்கிறது. படப் புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் பூட்டிய பீரோவுக்குள். "ஏன் டீச்சரம்மா, வெளியே வைக்கலையா?" என்று கேட்டேன். "கிழிச்சுடுதுங்க சார். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியிருக்கு. குறைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அவர் பேரில் தப்பே கிடையாது. அவர் சம்பளத்துக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

மூன்று வயதுக் குழந்தை புத்தகத்தைக் கிழிக்கத்தான் செய்யும். தலைகீழாகப் பிடிக்கும், யானையின் காதை நக்கிப் பார்க்கும், நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டும். இதெல்லாம் செய்துதான் எந்தப் பக்கம் மேல், எங்கிருந்து தொடங்குவது, அடுத்த பக்கத்தில் வேறொன்று காத்திருக்கிறது என்பதையெல்லாம் கற்றுக்கொள்கிறது. அ, ஆ தெரிவதற்கு முன்பே வர வேண்டிய படிப்பு இது. பீரோவுக்குள் இருந்தால் எப்படி வரும்?

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரத்தில், கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கே மேஜை, நாற்காலியெல்லாம் குழந்தையின் அளவுக்குச் செய்தார்கள். பொருள்கள் அதன் கைக்கு எட்டும்படி இருந்தன. நாம் இன்று எர்கனாமிக்ஸ் என்று ஒரு பேப்பராகப் படிக்கிற விஷயம்தான். அந்த அம்மையார் படித்தது மருத்துவம். 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குஜராத்தில் 1920இல் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா ஒரு வக்கீல். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல உட்கார்ந்தவர். அவரை 'மீசைக்கார அம்மா' என்றே அழைத்தார்களாம். அதனால் இன்ஜினியருக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம்.

புத்தகத்தை வெளியே வைத்தால் மட்டும் போதுமா? போதாது. பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சின்னப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். கதையை மளமளவென்று வாசித்துவிட்டுப் போகாமல், படத்தைக் காட்டி "இது என்ன பண்ணுது? அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும், பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் அதோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிடப் பல மாதம் முன்னே போயிருந்தது. நம்ம வீட்டுப் பாட்டிமார்கள் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது செய்தது இதைத்தானே? நாம்தான் அந்த இடத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டோம்.

இப்போது படம் வரைவதற்கு வருகிறேன். நம் பிள்ளைகளிடம் பேப்பர் கொடுத்து வரையச் சொல்லுங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். நம்ம காவிரிக் கரையில் மலையை எங்கேயய்யா பார்த்தது இந்தப் பிள்ளை? யாரோ போர்டில் போட்டுக் காட்டினார்கள், அதுவும் போட்டது. சொல்லிக்கொடுக்காமல் விட்டால் மூன்று நாலு வயதில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்தே நேராக இரண்டு காலை இறக்கி "அம்மா" என்கும். பல நாட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். உடனே நாம், "வயிறு எங்கே?" என்று திருத்தப் போகிறோம். பிறகு அச்சடித்த மாம்பழத்தைக் கொடுத்து, "கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடி" என்கிறோம். பதினாலு வருஷம் கழித்து அதே பிள்ளை மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு நம் டிராயிங் ஹாலுக்கு வந்து, ஃப்ரீஹேண்ட் ஸ்கெட்ச் என்றதும் விழிக்கும். முதல் வருஷத் தம்பிகள் சிரிக்கிறீர்கள், புரிகிறது.

டீச்சரம்மா இன்னொன்றும் சொன்னார். "எழுத வைக்கலேன்னா பெத்தவங்க நர்சரிக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க சார்." மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும், கடைசி எலும்புக்குப் பத்து வயதுகூட ஆகலாம். நேற்றுப் போட்ட தூணின் மேல் இன்றைக்கு யாராவது பாரம் ஏற்றுவோமா? நாலு வயதில் பக்கம் பக்கமாக 'அ' எழுதச் சொல்கிறார்கள். சாக்பீஸும் கரித்துண்டும் களிமண்ணும் கொடுத்தால் அதே விரல்கள் தாமாகத் தேறும். வாசலில் அம்மா கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கிறுக்க ஒரு பிடி மாவு கொடுத்தாலும் போதும்.

மதியம் பொதுக்குழுவில் இந்த ஆண்டு நிதியை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்யப் போகிறோம். அங்கன்வாடிக்கு ஒரு பெரிய டி.வி. வாங்கித் தரலாம் என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. கொண்டுவந்த அண்ணனுக்கு நல்ல மனசு. ஆனாலும் நான் எதிர்த்து ஓட்டுப் போடப் போகிறேன். டி.வி. பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்காது.

என் மாற்று யோசனை இது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய மூன்றடி. ஆகவே இரண்டரை அடிக்கு மேல் போகாத ஒரு அலமாரி. புத்தகங்கள் அட்டை தெரிய நிற்க வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கு முதுகுப் பக்கத்தைக் காட்டி என்ன பயன்? நம் ஒர்க்ஷாப் கார்பென்டரி செக்ஷனில் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. டவ்டெயில் ஜாயின்ட் எல்லாம் வேண்டாம், ஆணி போதும். சுவரில் தரையிலிருந்து மூன்றடிக்குக் கரும்பலகைப் பெயின்ட். நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையிலேயே இருக்கும் துளிகா, பெங்களூர் பிரதம் புக்ஸ் என்று தமிழில் படப் புத்தகம் போடுபவர்கள் இருக்கிறார்கள். பிரதம் புக்ஸ்காரர்கள் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளவே அனுமதி உண்டு. அதை மாணவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு பேர் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கவும் வேண்டும்.

முக்கியமான ஷரத்து ஒன்று. இந்தப் புத்தகங்கள் டீச்சரம்மாவின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறக் கூடாது. சங்கத்தின் கணக்கிலேயே இருக்கட்டும். மெஷினுக்குத் தேய்மானம் எழுதுகிறோம் இல்லையா, அதுபோல வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிழியும் என்று இப்போதே எழுதிவிடுவோம். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது எல்லாம் புத்தம் புதுசாக இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

டீச்சரம்மாவிடம் கேட்டாகிவிட்டது; நாளைக் காலை பத்து மணிக்குத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுவரை அளக்க வருகிறவர்கள் விடுதி வாசலுக்கு வந்துவிடுங்கள். டேப் என்னிடம் இருக்கிறது.