கல்வெட்டில் நம் பெயர் எங்கே?

(உள்ளூர் வரலாற்றுச் சுற்றுலா முடிந்த ஞாயிறு மாலை, தாராவியில் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலை முதல் கால் நோக நடந்திருக்கிறோம். கிடைப்பதே ஒரு விடுமுறை நாள், அதில் பழைய கட்டடங்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பார்த்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் போரிபந்தர். 1853 ஏப்ரல் 16ஆம் நாள் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் தாணேவுக்குப் புறப்பட்டது. இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் என்று வழங்கும் மாளிகையை 1878இல் கட்டத் தொடங்கி, 1887இல் விக்டோரியா ராணியின் பெயரைச் சூட்டினார்கள். வரைபடம் போட்டவர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர். அதன் முகப்பில் ரயில் கம்பெனி இயக்குநர்களின் முகங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் அவற்றை விரல் நீட்டி எண்ணினார்கள்.

அதே கம்பெனிதான் 1863இல் போர்காட் மலைப்பாதையையும் திறந்தது. பூனா வழியாக நாம் ஊருக்குப் போகும் வண்டி இன்றும் அந்த மலையில்தான் ஏறி இறங்குகிறது. அங்கே பாறை உடைத்த கூலிகள் காலராவுக்கும் விபத்துக்கும் ஆயிரக்கணக்கில் பலியானார்கள். முகப்பில் அவர்களுக்கு இடமில்லை.

ரயிலை ஓட்டியவர்களின் கதையும் அதுதான். 1974 மே 8 தொடங்கி 20 நாட்கள் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளினார்கள். குடும்பங்களைக் குடியிருப்புகளிலிருந்து விரட்டினார்கள். அந்தத் தாய்மார்கள் பட்ட பாட்டை எந்தத் தூணில் தேடுவது?

அங்கிருந்து ஹுதாத்மா சௌக் போனோம். 1864இல் வைத்த புளோரா நீரூற்று அங்கே நிற்கிறது. 1955 நவம்பர் 21ஆம் நாள் அந்த இடத்தில்தான் மராட்டிய மாநிலம் கேட்டுத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டம் முழுவதிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். 1960 மே 1ஆம் நாள் மாநிலம் பிறந்தது. இன்று நீரூற்றின் அருகே தீப்பந்தம் ஏந்திய உழவரும் தொழிலாளியும் சிலையாக நிற்கிறார்கள்.

மராட்டியர் போராட்டம் நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்காக 1956இல் பட்டினி கிடந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரைப் பெற்ற இனம் நாம். மொழிக்காக மாண்டவரின் அருமை நமக்குத் தெரியும். 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியரின் கடைகள் தாக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அந்தப் பகையை மூட்டிய அரசியல் வேறு, இங்கே குண்டடிபட்ட உழைப்பாளி வேறு. ஒன்று திரண்ட மக்கள் தங்கள் பெயரைத் தாங்களே கல்லில் ஏற்றினார்கள். அந்தப் பாடத்தை நாமும் படிப்போம்.

கடைசியாக நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் காலா கில்லா. தினமும் அதைக் கடந்து தண்ணீர்க் குடம் சுமக்கிறோம். அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737இல் கட்டியது என்று அங்குள்ள கல் சொல்கிறது. அப்போது தாராவி கோலி மீனவர்களின் ஊர், சுற்றிலும் சதுப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் பட்டறைகள் இங்கே வந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் சுண்ணாம்பிலும் நாற்றத்திலும் நின்று உழைத்தார்கள். குஜராத்திக் குயவர்கள் கும்பார்வாடாவை உண்டாக்கினார்கள். மண்ணும் குப்பையும் கொட்டிச் சேற்றை மேடாக்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். கோட்டைக்கு உத்தரவு போட்டவருக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஊரை உண்டாக்கியவருக்கு என்ன இருக்கிறது?

தோழர்களே, இது வெறும் பெருமைப் பேச்சல்ல. மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபித்தவருக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்பவரும் பின்னால் வந்தவரும் வெளியே போக வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்தோம் என்று வாயால் சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்ள மாட்டார். காகிதம் கேட்பார். வரலாறு என்பது இன்று நம் கூரையைக் காக்கும் சாட்சி.

ஆகவே மூன்று வேலைகள். பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், பள்ளிச் சான்றிதழ் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நகலெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். இரண்டாவது, எந்த ஆண்டு வந்தோம், எந்தப் பட்டறையில் வேலை, முதல் குடிசை எங்கே என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். மூன்றாவது, பக்கத்து வீட்டு மராட்டியரையும் முஸ்லிமையும் குஜராத்தியையும் கேட்டு எழுதுங்கள். தமிழர் கதை மட்டும் தனியே நின்றால் அரைக் கதைதான்.

மன்னர்களின் வரலாற்றை மன்னர்களே எழுதிக்கொண்டார்கள். நம் வரலாற்றை எழுத நம்மைவிட்டால் ஆளில்லை. இன்றிரவே பெட்டியைத் திறந்து காகிதங்களைத் தேடுங்கள்.

உழைப்போர் ஒற்றுமை ஓங்குக!