சின்னக்கல்லாறு மழையும் பல்லடத்துக் காற்றும்

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

தேயிலைக் கொழுந்து எடுத்த கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். முதல் வாழ்த்து அவர்களுக்கு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல். வெயில், காற்று, தண்ணீர் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது. இதைப் பேச, ஆனைமலையில் இருக்கும் இந்த வால்பாறை மிகப் பொருத்தமான ஊர்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாற்றில் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று அது. அந்த மழையால் நீராற்றில் சேரும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து இறங்கும்போது மின்சாரம் தருகிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு தாண்டிச் சர்க்கார்பதியில் மறுபடியும் தருகிறது. அதன் பிறகு காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணை சேர்ந்து, உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்துக் காடு தோட்டங்களில் பாய்கிறது. காமராஜர் முதல்வராக இருந்தபோது தொடங்கிய பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் இது. சமவெளி விவசாயி ‘பிஏபி தண்ணி’ என்று சொல்வதில் உங்கள் ஊர் மழையும் இருக்கிறது.

அதே பருவக்காற்றின் இன்னொரு பங்கு வேறு வழியில் போகிறது. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மலையில் மோதி மேலேறும் காற்று இங்கே மழையாகிறது. கணவாயில் நுழைந்த காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வெயிலுக்குப் பேர்போன ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. கடலும் நிலமும் வெவ்வேறு அளவில் சூடாவதால்தான் பருவக்காற்றே பிறக்கிறது. ஆக, மழை, காற்று, வெயில் மூன்றுக்கும் மூலம் சூரியன் ஒன்றுதான்.

இத்தனை இருந்தும் சிக்கல் எங்கே? இவை நம் வசதிக்கு வருவதில்லை. காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சோலார் நண்பகலில் உச்சத்தில் இருக்கும். வீட்டுக்கு வீடு விளக்குப் போடும் நேரத்தில் ஒன்றும் தராது. விளைகிற நேரம் ஒன்று, வேண்டுகிற நேரம் வேறு. மின்சாரத்தை நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்கவும் முடியாது.

இதற்கு ஒரு விடை உங்கள் மலைக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் காடம்பாறை. 1987 முதல் 1989 வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கிய நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட், பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் அமைந்தவை. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. தேவை கூடும் நேரத்தில் மேலிருந்து தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரத்தைத் திருப்பிச் சுழலவிட்டு, அதே தண்ணீரை மேலே ஏற்றுவதற்கு வழி செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் நான்கு யூனிட் மின்சாரம் செலவழித்தால் ஏறக்குறைய மூன்றுதான் திரும்பக் கிடைக்கும். ஆனாலும் நள்ளிரவில் யாருக்கும் வேண்டாமல் போகிற காற்று மின்சாரம் மறுநாள் மாலைக்கு வந்து சேர்ந்தால் நாட்டுக்கு அது லாபம்தான்.

ஒரு யூனிட்டின் மதிப்பைச் சொல்கிறேன், இயற்பியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொஞ்சமும் சேதாரமில்லை என்று வைத்துக்கொண்டாலும், 1,000 லிட்டர் தண்ணீர் சுமார் 367 மீட்டர் இறங்கினால்தான் ஒரு யூனிட் கிடைக்கும். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். சிக்கனம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு அறிவியல் தரும் அளவு இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அணைகள் வந்த இடத்தில் காடு மூழ்கியது. காடர் முதலான பழங்குடி மக்கள் பூர்வீக இடத்தை விட்டு நகர நேர்ந்தது. மிஞ்சிய சோலைக்காடுகள் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால்தான் மழை ஓய்ந்த பிறகும் ஓடைகளில் தண்ணீர் ஓடுகிறது. அந்தக் காடு போனால் மண் சரிந்து அணையில் வண்டல் சேரும். தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் எரியும் விறகும் அப்படியே. வெட்டுகிற அளவுக்கு நட்டு வளர்த்தால்தான் அது தீராத எரிபொருள். இயற்கை திருப்பித் தரும். திருப்பித் தரும்படி நாம் விட்டு வைக்க வேண்டும்.

இது இன்ஜினியர்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள். நாளைக்குப் பல்லடத்தில் எவ்வளவு காற்று வீசும் என்று கணிக்கக் கணிதம் படித்தவர்கள் வேண்டும். கூரைதோறும் வரும் சோலார் மின்சாரத்தை மின்கட்டமைப்போடு இணைத்துக் கவனிக்கக் கணினி படித்தவர்கள் வேண்டும். போட்ட முதல் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று சிறு கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வணிகவியல் பட்டதாரி வேண்டும். இதையெல்லாம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவருக்கும் புரியும்படி எழுதத் தமிழ் படித்தவர் வேண்டும்.

வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் போவீர்கள். தாராளமாகப் போங்கள். போகிற இடத்தில், இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, இதற்காக யார் எதைக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சுவிட்சைப் போடுபவர் கோடிப் பேர். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகச் சிலர். மலையிலிருந்து வருகிற நீங்கள் அந்தச் சிலரில் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் நாற்காலியிலும் ஒருநாள் இருக்க வேண்டும்.

உங்கள் படிப்பு உங்கள் குடும்பத்துக்கும் இந்த மலைக்கும் பயன்படட்டும். நலமோடு வாழுங்கள்.