உருளை சுழல, மயில் ஆட

வெளிச்சத்தைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன். வேடிக்கைதான். ஆனால் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சியைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. கோயில் திருவிழாவிலோ வெசாக் பூரணையிலோ தென்னைமர உயரத்துக்கு ஒரு சட்டம் நிற்கும். அதில் மயில் ஒன்று தோகையை மூன்று மடிப்பாக விரிக்கும், பிறகு சுருக்கும். ஓரத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று துரத்தும். ஊரே வாயைத் திறந்து முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்பக்கத்தில் சாக்கு மறைப்புக்குள் 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று நான் பேசப்போவது அந்தச் சத்தத்தைப் பற்றி.

அது ஒரு மர உருளை. சிறிய மோட்டர் ஒன்று பெல்ட் போட்டு அதை மெதுவாகச் சுற்றுகிறது. உருளையின் மேல் செப்புத் தகட்டை நறுக்கி, சிறு ஆணி கொண்டு அடித்திருப்பார்கள். சில துண்டு நீளம், சில துண்டு கட்டை. உருளையைத் தொட்டபடி வரிசையாக வளைந்த செப்பு நாக்குகள். ஒவ்வொரு நாக்கிலிருந்தும் ஒரு வயர் ஒரு கூட்டம் மின்குமிழ்களுக்குப் போகும். நாக்கு தகட்டில் படும்போது அந்தக் கூட்டம் எரியும். மரத்தில் படும்போது அணையும். இவ்வளவுதான் வித்தை. பக்கத்தில் நின்றால் தொடும் இடத்தில் நீலப் பொறி பறப்பது தெரியும், கருகிய வாடை அடிக்கும். கரி படிந்துவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

இது எப்படிக் கலையாகிறது என்று கேட்கலாம். ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்தில் எம்.ஜி.ஆர். சாட்டையைச் சுழற்றுவாரே, அதை விளக்கில் காட்ட வேண்டும். மனிதர் கண்டியில் பிறந்தவர், நம் ஆள் என்று உரிமை கொண்டாடுகிறோம். அவருக்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா? உடம்பு ஒரு கூட்டம், அது அணையவே கூடாது. சாட்டை மட்டும் ஐந்து நிலை: மேலே, பின்னால், தலைக்கு மேல் வளைவாக, முன்னால், கீழே. ஆக ஐந்து நாக்கு, ஐந்து தகடு, ஒன்றின் பின் ஒன்றாக. ஆனால் எல்லாத் தகட்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் அது சாட்டை அல்ல, கடிகார முள். ஓங்கும்போது நிதானம், விழும்போது வேகம் வேண்டும். அதனால் முதல் தகடு நீளம், கடைசித் தகடு கட்டை. ஒரு தகடு முடியும் முன்பே அடுத்தது கொஞ்சம் தொடங்கினால் வெளிச்சம் வழுக்கிப் போகும்; இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் வெட்டி வெட்டிப் போகும். எங்கே வழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பதுதான் அந்தக் கைக்காரனின் ரசனை. சிறந்த உருளை செய்தவர்கள் காலத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கத் தெரிந்தவர்கள்.

இன்னொரு நுட்பம் இழை மின்குமிழில் இருக்கிறது. கரண்ட் நின்ற பிறகும் இழை சூடு ஆறும் வரை ஒரு கண நேரம் மங்கி மங்கித்தான் அணையும். அந்த மங்கலே மயில் தோகைக்கு ஒரு வால் கொடுத்தது. பழைய சீரியல் செட்டில் ஆறு வோல்ட் பல்ப் நாற்பது அளவில் தொடராகக் கோர்த்து, 230 வோல்ட்டில் கொடுப்பார்கள். ஒன்று போனால் நாற்பதும் போகும். மயிலின் ஒரு பக்கம் இருட்டாகிவிட, யாராவது ஒரு பையன் சட்டத்தில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். அவன் ஏறியதும் கூட்டத்துக்கு அதுவும் ஒரு காட்சி.

உருளையில் நிகழ்ச்சியை எழுதிவைக்கும் யோசனை மிகப் பழையது. அல்-ஜசரி என்ற பொறியாளர் 1206 அளவில் எழுதிய நூலில், முளை அடித்த உருளை சுழன்று பொம்மைகளை மேளம் கொட்டவைக்கும் படகு ஒன்று வருகிறது. ஜெனீவாவில் 1796இல் இசைப்பெட்டி வந்தது. அதிலும் உருளை, அதிலும் முளை. நம் திருவிழா மயில் இந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை. அலங்காரக்காரர் என்று ஒரு பெயர் சொல்லிக் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறோமே தவிர, அவரைக் கலைஞர் வரிசையில் வைத்துப் பேசியவர்கள் குறைவு.

இந்த உருளைக் கலை நம் நாட்டில் பெரிதாக வளர்ந்தது வெசாக் தோரணங்களில். தொட்டலங்க, பேலியகொட, கிராண்ட்பாஸ், தெமட்டகொட, பொரளை என்று கொழும்பிலும் சுற்றிலும் எழும் தோரணங்களைப் பார்க்க மலையகத்திலிருந்தும் வான் பிடித்துப் போவார்கள். ஒரு ஜாதகக் கதை, சித்திரம் சித்திரமாக வரைந்திருக்கும். ஒலிபெருக்கியில் கதை பாட்டாக வர வர, அந்தந்தச் சித்திரம் ஒளிரும். சுற்றிலும் பல்லாயிரம் விளக்குகள் ஓடும்.

அந்தத் தோரணங்களை எரித்த மின்சாரத்தைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1918இலேயே நீர்மின்சாரத்துக்காக வாதாடியவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. எங்கள் மலைப்பக்கத்து லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. நோர்வூட்டைத் தொட்டுப் போகும் கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ அணை 1965இல் முடிந்தது. தற்செயலாக, எம்.ஜி.ஆர். சாட்டையை எடுத்த அதே வருடம். இந்தத் தண்ணீர் மின்சாரமாகி ஒரு வழியிலும், களனி கங்கையாகி இன்னொரு வழியிலும் கொழும்புக்குப் போகிறது. கடலைச் சேரும் முன் தொட்டலங்கவையும் பேலியகொடவையும் ஒட்டித்தான் ஓடுகிறது. அங்கே தோரணம் ஜொலித்த காலத்தில், இங்கே தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் மெஷின் ஓட கரண்ட் இருந்தது. லயத்தில் குப்பி விளக்கு. எங்கள் கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் உறுமி, முதல் பல்ப் எரிந்தபோது எழுந்த கூச்சலை இதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

தோரணத்துக்குக் கதை ஒரு கட்டு. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு விளையாடியவர்கள் மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் சந்தன்நகர்க்காரர்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அங்கே ஜகத்தாத்ரி பூஜைக்கு வீதி முழுக்க விளக்குப் படங்கள். ஸ்ரீதர் தாஸ் என்பவரை அந்தக் கலையின் முன்னோடி என்பார்கள். அவர்களும் உருளையும் சின்னஞ்சிறு 'டூனி' பல்புமாகத் தொடங்கியவர்கள்தான். சாமி ஒரு பக்கம் இருக்க, டைனோசர் கழுத்தை நீட்டும், கப்பல் மூழ்கும், பந்து கோலுக்குள் போகும். அந்த வருடம் ஊர் எதைப் பேசியதோ அது விளக்கில் வந்துவிடும். சில வீதிகளில் இது திகட்டவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனாலும் பத்திரிகையில் வந்ததையும் திரையில் வந்ததையும் ஐந்தாறு அசைவில் சுருக்கிக் காட்டுவது கேலிச்சித்திரக்காரனின் திறமை. அதைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது.

பழைய கருவியை வைத்து விளையாடுவதைப் பெரிய அரங்குகளும் மதிக்கின்றன. கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக் என்ற கலைஞர், 1974இல் ஒரு புத்தர் சிலையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் உட்காரவைத்தார். கமெரா புத்தரைப் படம் பிடிக்க, புத்தர் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பும் வருகிறது, சிரித்தது சரியா என்ற யோசனையும் வருகிறது. தோரணங்களில் புத்தரின் தலைக்குப் பின்னால் சுழலும் ஒளிவட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்து நமக்கு இப்படித் தோன்றாதது பழக்கத்தால் மட்டும்தான்.

இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது. கரண்ட் மிச்சம், பாதுகாப்பு அதிகம், மழைக்கும் பயமில்லை. பழைய செட்டில் ஈரக் கையோடு வேலை செய்தவர்கள் பட்ட ஆபத்தை நினைத்தால், உருளைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க எனக்கு மனமில்லை. என் குறை வேறு. கடையில் வாங்கும் பலகையில் சிப்புக்குள் எட்டோ பத்தோ ஆட்டம் யாரோ எங்கோ போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஹற்றனிலும் அதே ஆட்டம், கண்டியிலும் அதே ஆட்டம், சலூன் வாசலிலும் கோயில் வாசலிலும் அதே ஆட்டம். பல்ப் மாறியதில் நஷ்டமில்லை. தகடு நறுக்கும் வேலையை நாம் கைவிட்டதுதான் நஷ்டம். அந்தச் சிப்பிலும் நம் கையால் எழுதலாம். பாடசாலைப் பிள்ளைகள் கணினியில் செய்யக்கூடிய வேலைதான்.

கணினி இல்லையென்றால் வெறும் பால்மா டின் போதும். வெளிப் பூச்சைச் சுரண்டிவிட்டு, சுற்றிலும் தடித்த கடதாசி ஒட்டுங்கள். விளக்கு எரிய வேண்டிய இடங்களில் மட்டும் கடதாசியில் சன்னல் வெட்டுங்கள். டின்னின் உலோகத்தில் பற்றரியின் ஒரு முனை. நாக்குகளாக வளைந்த கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு சின்ன எல்.இ.டி.; அவற்றிலிருந்து பற்றரியின் மறு முனைக்கு ஒரு வயர். எல்.இ.டி.க்குத் தக்க சிறு தடையம் ஒன்றும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கருகிவிடும். டின்னைக் கையால் சுற்றினாலே ஓடும். வீட்டுக் கரண்டில் மட்டும் இதைக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. முதல் படமாக மயிலை எடுக்காதீர்கள், அது எல்லோரும் செய்தாயிற்று. ஹற்றன் – பொகவந்தலாவை பஸ்ஸைச் செய்யுங்கள்: சில்லு இரண்டுக்கு மூன்று நாக்கு, சிக்னலுக்கு ஒன்று, புட்போர்ட்டில் தொங்குகிறவரின் பறக்கும் சட்டைக்கு இரண்டு.