டூட்டி மாறலாம், பயிற்சி நிற்கலாமா?



போன வாரம் நம் மையத்தில் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நீ போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாயாமே! குடோன் வேலைக்கும் போகிறாய். உனக்கு ஏது நேரம்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அந்தப் பதில் உங்களுக்கும் உதவும்.

என் கதையைக் கேளுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கே கல்யாணில் ஒரு சாலில் குடியிருக்கிறோம். ஒரே அறை. பத்தடிக்குப் பத்தடி. அதில் நான்கு பேர். பிவண்டி பக்கம் ஒரு குடோனில் பெட்டி கட்டும் வேலை எனக்கு. நாளைக்குக் காலை டூட்டியா, ராத்திரி டூட்டியா? அது இன்று இரவு ஒன்பது மணிக்குத்தான் தெரியும். போனில் செய்தி வரும்.

மகாராஷ்டிரா போலீஸ் வேலைக்குப் பெண்கள் 800 மீட்டர் ஓட வேண்டும். 100 மீட்டரும் ஓட வேண்டும். குண்டு எறிய வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து 50 மதிப்பெண்.

முதல் முறை நான் தோற்றுப் போனேன். 800 மீட்டரில் பாதி தூரம்தான் ஓடினேன். மூச்சு வாங்கியது. கால் கனத்தது. மீதி தூரம் நடந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஏன் தோற்றேன்? தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் பயிற்சி என்று திட்டம் போட்டிருந்தேன். இரண்டு நாள் செய்வேன். மூன்றாம் நாள் ராத்திரி டூட்டி வரும். காலை ஐந்து மணிக்குக் குடோனில் நிற்பேன். பயிற்சி போய்விடும். "சரி, திங்கட்கிழமை தொடங்கலாம்" என்பேன். அந்தத் திங்கட்கிழமை வரவே வராது.

பிறகுதான் தப்பு புரிந்தது. பயிற்சியைக் கடிகாரத்தோடு கட்டியிருந்தேன். என் நேரமோ என் கையில் இல்லை.

ஆனால் எந்த டூட்டி வந்தாலும் மாறாத வேலை ஒன்று உண்டு. தூங்கி எழுந்தால் பல் தேய்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்தாலும் தேய்க்க வேண்டும். பகல் இரண்டு மணிக்கு எழுந்தாலும் தேய்க்க வேண்டும். பயிற்சியை அதோடு கட்டினேன். பல் தேய்த்ததும் பயிற்சி. மணி எத்தனை என்று பார்ப்பதில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

ஜப்பான் நாட்டில் இசுமி தபாட்டா என்ற விஞ்ஞானி இருக்கிறார். அவர் ஓர் ஆராய்ச்சி செய்தார். 1996-இல் அதை வெளியிட்டார். சில இளைஞர்கள் ஒரு மணி நேரம் நிதானமாகச் சைக்கிள் மிதித்தார்கள். வேறு சிலர் 20 நொடி மிக வேகமாக மிதித்தார்கள். 10 நொடி ஓய்வு எடுத்தார்கள். இப்படி ஏழெட்டு முறை மிதித்தார்கள். சுமார் நான்கு நிமிடம்தான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தார்கள். நான்கு நிமிடக்காரர்களுக்கும் மூச்சு பலம் கூடியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் முன்பு, உடற்பயிற்சியை ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது செய்யுங்கள் என்றது. 2020-இல் அந்தக் கணக்கை எடுத்துவிட்டது. சிறிது நேரம் செய்தாலும் பலன் உண்டு என்றது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும். அல்லது 75 நிமிடம் வேகமான பயிற்சி வேண்டும். 75-ஐ ஏழு நாளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்குச் சுமார் 11 நிமிடம் வரும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே நடப்பேன். கை, தோள், இடுப்பைச் சுழற்றுவேன். பிறகு 20 நொடி வேகமாகப் பஸ்கி. 10 நொடி ஓய்வு. அடுத்த 20 நொடி தண்டால். மறுபடியும் 10 நொடி ஓய்வு. இப்படி மாற்றி மாற்றி எட்டு முறை. மொத்தம் நான்கு நிமிடம். கடைசி மூன்று நிமிடம் மெதுவாக நடந்து மூச்சை ஆற்றுவேன். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். குதிப்பதில்லை. குதித்தால் கீழ்வீட்டு மாமி சத்தம் போடுவார்.

வேகப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாட்களில் மெதுவாகச் செய்வேன். லீவு நாளில் மைதானத்துக்குப் போய் ஓடுவேன். ஓட்டத்தை ஓடித்தானே பழக வேண்டும்?

"நாங்கள் நாள் முழுக்க உழைக்கிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கலாம். எல்லா வேலையும் ஒன்று அல்ல. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்தார். 1953-இல் முடிவைச் சொன்னார். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு அதிகம். தையல் மெஷினில் உட்காருகிறவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் அந்த டிரைவர்களைப் போலத்தான். உடம்பு களைக்கும். ஆனால் காலும் நெஞ்சும் உழைப்பதில்லை.

என் அம்மா தையல் வேலை செய்கிறார். ஆர்டர் வந்தால் நடுராத்திரி வரை மெஷின் ஓடும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்க நேரம் இல்லை என்றார் அம்மா. நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். பாபினில் நூல் தீர்ந்தால் எழுந்திருக்க வேண்டும். ஐந்து முறை எழுந்து, ஐந்து முறை உட்கார வேண்டும். பிறகுதான் புது பாபின். தசை வேலை செய்தால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

சில எச்சரிக்கைகள். சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வேகப் பயிற்சி செய்யக் கூடாது. சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. தலை சுற்றினால் நிறுத்துங்கள். நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்கம் இல்லாத நாளில் முதலில் தூங்குங்கள். ஒரு நாள் விட்டால் குற்றம் இல்லை. மறுநாள் விடாதீர்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் நாட்காட்டி தொங்குகிறது. பயிற்சி செய்த நாளில் நிமிடத்தை எழுதுவேன். அம்மா எத்தனை பாபினுக்கு எழுந்தார் என்று எழுதுவார். போன வருடம் அம்மாவுக்கு எண் எழுதத் தெரியாது. இந்த மையத்தில்தான் கற்றார். இப்போது நான் எழுத மறந்தால் அம்மா கேட்கிறார். "ஏன் உன் கட்டம் காலியாக இருக்கிறது?"

போன மாதம் மைதானத்தில் 800 மீட்டரும் நிற்காமல் ஓடினேன். வேகம் இன்னும் போதாது. போலீஸ் வேலை கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. அடுத்த அறிவிப்பு வந்ததும் மனு போடுவேன். இந்த முறை நடக்க மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று உங்கள் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

"நான் ............ முடித்ததும் பயிற்சி செய்வேன்."

தண்ணீர் பிடித்ததும் என்று எழுதலாம். சோறு வடித்ததும் என்று எழுதலாம். வண்டியை நிறுத்தியதும் என்று எழுதலாம். எந்த டூட்டியிலும் மாறாத வேலையாக இருக்கட்டும். நாளைக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டுங்கள்.