பழைய டீசல் டஸ்டரும் டைமிங் பெல்ட்டும்

வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் டீசல் வண்டியைப் பழையதாக வாங்குகிறீர்களா? டைமிங் பெல்ட் மாற்றிய பில்லை முதலில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீசல் டஸ்டர் 2020-இல் நின்றுபோனது. ஓடாமல் கிடந்த வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் செலவு வந்துவிடும்.

பெல்ட் மட்டும் போதும் என்றால் தலையாட்டாதீர்கள். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. டென்ஷனரோ பம்போ பின்னால் போனால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கூலி இரண்டு தடவை. மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து. புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி தேடலாம். பெல்ட் வேண்டவே வேண்டாம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாளை உங்களிடம் வண்டி வாங்குபவரும் கேட்பார்.