சேற்றிலிருந்து மீனுக்கு

(மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)



இங்கிருந்து தாராவியைக் கடந்து வடக்கே சென்றால் மித்தி ஆறு வருகிறது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. வழிநெடுகச் சேரும் சாக்கடையும் பட்டறைக் கழிவும் அடியில் கருஞ்சேறாகப் படிகின்றன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகி நகரம் மூழ்கியது. அதன்பின் ஆற்றைத் தூர் வாருதல் பெரும்பணியாயிற்று. எத்தனை டன் சேறு எடுத்தோம் என்று கணக்கிடுகிறோம். அச்சேற்றில் வாழும் மட்டியிலும் நண்டிலும் எவ்வளவு நஞ்சு ஏறும் என்பதையும் கணக்கிட வேண்டாமா?

சேற்றை ஆய்ந்து மொத்த நஞ்சின் அளவைக் கூறிவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது போதாது. சேறு நஞ்சை எவ்வளவு இறுகப் பற்றியுள்ளது என்பதே கேள்வி.

டி.டி.டி.யை எடுத்துக்கொள்வோம். அது நீரில் கரைய மறுக்கும். சேற்றின் அங்ககக் கரிமத்திலும் உயிரினத்தின் கொழுப்பிலும் தங்கும். கரிமத்தில் உள்ள செறிவைப் போல் கொழுப்பில் ஒன்று முதல் இரண்டு மடங்கு சேரும் என்பது கோட்பாட்டு மதிப்பு. உதாரணத்திற்கு, ஒரு கிலோ உலர்சேற்றில் 100 மைக்ரோகிராம் நஞ்சு, கரிமம் 2 விழுக்காடு எனக் கொள்வோம். கரிமத்தில் கிலோவுக்கு 5,000 ஆகிறது. மடங்கு ஒன்றானால், 1 விழுக்காடு கொழுப்புள்ள மட்டியின் தசையில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். கரிமம் 4 விழுக்காடாயின் அது 25 ஆகக் குறையும். நஞ்சின் மொத்த அளவோ மாறவேயில்லை! நகரச் சேற்றிலுள்ள புகைக்கரி சில நஞ்சுகளை இன்னும் இறுகப் பற்றுவதால், கணக்கு மிகையாகவும் போகலாம்.

உலோகங்களின் கதை வேறு. பிராணவாயு இல்லாத கருஞ்சேற்றில் உண்டாகும் சல்பைடு, செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் ஆகியவற்றைப் பிணைத்து வைக்கிறது. சல்பைடு மிகுந்திருக்கும்வரை இவற்றால் உயிரினங்களுக்கு விளையும் தீங்கு குறைவு. ஆனால் பாதரசத்தை அதே காற்றற்ற சேற்றின் நுண்ணுயிர்கள் மெதில் பாதரசமாக்குகின்றன. அது சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறஏறப் பெருகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்கு, ஆலைக்கழிவிலிருந்து மீன் வழியே மக்களை அடைந்த அந்த மெதில் பாதரசமே காரணம்.

மண்வாரி இயந்திரம் சேற்றைக் கிளறும்போது காற்றுப் பட்டு சல்பைடு சிதையத் தொடங்கும். பிணைந்திருந்த உலோகம் விடுபடலாம். தூர் வாரக் கூடாது என்று நான் கூறவில்லை. வெள்ளத்தில் நின்ற நமக்கு அது தெரியாததன்று. வாருமுன் சேற்றின் கரிமத்தையும் சல்பைடையும் அளக்கட்டும். அச்சேற்றைத் தொட்டியிலிட்டு, வழக்கமான சோதனை முறைப்படி 28 நாட்கள் மட்டிகளை வளர்த்து, அவற்றின் தசையைச் சோதிக்கட்டும். வாரிய பின்னும் அதே சோதனையைச் செய்து, இரு அளவுகளையும் கழிமுகத்து மீனவர்களிடமும் நம் மீன் சந்தைகளிலும் அறிவிக்கட்டும்.